பிளாக்கில் முறிந்த ஸ்டட்: நட்டைப் பற்றவைத்துக் கழற்றிய அனுபவம்

கிணற்றடி டீசல் என்ஜினின் ஹெட்டைக் (மேல்மூடியை) கழற்றும்போது, அதைப் பிடித்திருக்கும் 12 மில்லிமீட்டர் ஸ்டட் (தலையில்லாத மரைத்தண்டு) ஒன்று பிளாக்கின் (என்ஜினின் அடிப்பகுதியின்) மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே முறிந்துவிட்டது. மூன்று நாள் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. நடுவில் துளையிட்டு இறக்கிய எக்ஸ்ட்ராக்டரும் (முறிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி) வளையத் தொடங்கியதால் நிறுத்திவிட்டேன் (அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட்டால் துளைக்க முடியாது). பிறகு வெல்டர் ஒருவர், முறிந்த முனையின்மீது வெல்டிங்கை அடுக்கி உயர்த்தி, அதன்மேல் நட்டை வைத்து உட்புறமாகப் பற்றவைத்தார். சிவப்பு மறைந்ததும் மெழுகுவத்தியைத் தொட்டு உருகவிட்டு, ஸ்பானரால் முதலில் சற்று இறுக்கிப் பின்பு தளர்த்தியபோது, கீச்சென்ற ஒலியுடன் அசைந்தது.

வெளிவந்த ஸ்டட்டின் மேல்மரைகள் பளபளக்க, அடியிலிருந்த நான்கு மரைகள் மட்டும் துருவேறியிருந்தன. துளை தண்ணீர் ஜாக்கெட்டிற்குள் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் அறைக்குள்) திறந்திருந்ததே காரணம். மேலே ஊற்றிய எண்ணெய் அங்கு எட்டவே இல்லை. புதிய ஸ்டட்டை மரைகளில் கசிவைத் தடுக்கும் சீலன்ட் தடவியே பொருத்தினேன்.