சாரலுக்கு முன் சீலன்ட்: கார் பெயின்டில் நாம் செய்யும் தவறுகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் ஒரு தடவை போய்வந்த காரின் பானட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். மலையேறும் லாரிகளிலிருந்து பறக்கிற எம்-சாண்ட் தூசி அது. கருங்கல்லை உடைத்து அரைத்த தூள்.

அந்தத் தூசியோடு நான் செய்த தவறைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்போது எங்களிடம் கறுப்புக் கார். ஊருக்குப் போகும் அவசரத்தில் உலர்ந்த பனியன் துணியால் துடைத்துவிட்டு, அதன்மேலேயே பளபளப்புக்குப் பூசும் மெழுகான வாக்ஸைத் தேய்த்தேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் கதவு முழுக்கச் சிலந்தி வலை போலக் கீறல்கள். பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதன்மேல் கல்தூளை வைத்து நானே தேய்த்திருக்கிறேன். பெயின்டைக் காக்க மேலே பூசும் சீலன்டோ, வாக்ஸோ அந்தக் கீறலை ஆற்றாது. கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்குங்கள். அப்புறம் கார் ஷாம்பு. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், முன்பு பூசிய வாக்ஸையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். இன்னும் சிலர் பளபளப்புக்காக டீசலும் மண்ணெண்ணெயும் போட்டுத் துடைக்கிறார்கள். அந்தப் பிசுக்கில் அடுத்த தூசி அப்படியே ஒட்டும்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் விழும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கறை அப்படியே இருக்க மேலே சீலன்ட் பூசினால், கறைக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுத்தது போலாகும்.

கழுவிய பிறகும் பெயின்ட் வழவழப்பாக இல்லாமல் போகலாம். கையில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். மரப்பாலும் தார்த்துளியும் பிரேக் துகளும் அப்படித்தான் ஒட்டிக் கிடக்கும். ஷாம்பு தண்ணீர் விட்டுக் களிமண் கட்டியால், அதாவது கிளே பாரால், மெதுவாக எடுக்க வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். விலை கொடுத்து வாங்கியதுதான், ஆனாலும் அதில் ஒட்டிய மணல் காரைக் கிழிக்கும்.

எதை முதலில் பூசுவது என்பதிலும் நிறையப் பேர் தவறுகிறார்கள். சீலன்ட் செயற்கை பாலிமர். சுத்தமான கிளியர் கோட்டை நேரடியாகப் பிடித்தால்தான் சில மாதங்கள் நிற்கும். வாக்ஸ் என்றால் பெரும்பாலும் கார்னௌபா, பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருவது. மினுமினுப்பு அதிகம், ஆயுள் வாரக்கணக்கில்தான். வாக்ஸ் பூசி அதன்மேல் சீலன்ட் போட்டால் பிடிப்பே கிடைக்காது. சீலன்ட் முதலில்; டப்பாவில் சொன்ன நேரம், பலவற்றில் 12 முதல் 24 மணி, நனையாமல் ஷெட்டில் நிற்கட்டும். அப்புறம் விருப்பமிருந்தால் வாக்ஸ்.

சூடான பானட்டில் பூசாதீர்கள், சட்டென்று காய்ந்து திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். தடிமனாகப் பூசுவதிலும் பயனில்லை. சின்ன காருக்கு 20, 30 மில்லி சீலன்ட் தாராளம். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளையாகப் படிந்தால் எடுப்பது பெரும்பாடு. டிங்கரிங் முடித்துப் புது பெயின்ட் அடித்த காராக இருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும், பெயின்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் இங்கே காயவைக்க நாள் கிடைப்பது கஷ்டம். நான் மே கடைசியில் ஒரு தடவையும், ஐப்பசி மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு தடவையும் பூசுகிறேன். நடுவில் கழுவும்போது தண்ணீரைக் கவனிப்பேன். சேம்பிலையில் உருள்வது போல முத்து முத்தாக ஓடினால் பூச்சு இருக்கிறது. தகடாக விரிந்து அங்கேயே நின்றால் போய்விட்டது.