ஏடிஎச்டி மதிப்பீடு: நான் செய்த தவறுகள், இன்னும் நடக்கிற தவறுகள்

போன வாரம் என்னிடம் பயிற்சியில் இருக்கும் பெண் ஒரு வரைவு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எட்டு வயதுப் பையன். மூன்றாவது பத்தியில் இப்படி ஒரு வரி: "மதிப்பீட்டின்போது ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்து ஒத்துழைத்தான். எனவே கவனக்குறைபாடு இருப்பதாகத் தெரியவில்லை." படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் மேல் கோபம் இல்லை. கிட்டத்தட்ட இதே வரியை, இதே 'எனவே'யோடு, பல வருடங்களுக்கு முன்னால் நானும் எழுதியிருக்கிறேன்.

அதனால் இதை எழுத உட்கார்ந்தேன். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்தோ தனித்தனியாகவோ வரும் நிலை, இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போகிற பெற்றோருக்கும், "எனக்கும் இருக்குமோ" என்று தனக்காகவே போகிற பெரியவர்களுக்கும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். நேரத்துக்கு வாருங்கள், பழைய மருத்துவக் காகிதங்களை எடுத்து வாருங்கள், பசியோடு குழந்தையைக் கூட்டி வராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

என்ன நடக்கும் என்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி பேச்சுதான். பிறந்ததிலிருந்து இன்றுவரை என்று கதை கேட்போம்: எப்போது நடந்தான், எப்போது பேசினான், தூக்கம் எப்படி, பள்ளியில் என்ன சொல்கிறார்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா. வீட்டுக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று எனப் படிவங்கள் தருவோம். குழந்தையோடு தனியாகக் கொஞ்ச நேரம் இருப்போம். தேவைப்பட்டால் சில டெஸ்டுகள். ஒரே உட்காரலில் முடிவது அபூர்வம். இரண்டு மூன்று முறை வரச் சொன்னால் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பினால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அறைக்குள் பார்த்ததை வைத்து முடிவு கட்டுவது

இதுதான் என்னை இன்றும் உறுத்துகிற தவறு. அதனால் நீட்டித்தான் சொல்வேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. இரட்டைப் பின்னல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கட்டைகளை அடுக்கச் சொன்னேன், அடுக்கினாள். படம் வரையச் சொன்னேன், வரைந்து நிழல்கூடப் போட்டாள். ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை. அவளுடைய அம்மா, "வீட்டுல அஞ்சு கணக்குப் போட ரெண்டு மணி நேரம் ஆகுது டாக்டர்" என்றார். (நான் சைக்காலஜிஸ்ட், டாக்டர் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) அவர் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. "நோட்டெல்லாம் கொண்டு வந்திருக்கேன், பார்க்கறீங்களா?" என்று குனிந்தார். "அதெல்லாம் வேண்டாம்மா, நானே பார்த்துட்டேனே" என்றேன்.

டீச்சருக்குக் கொடுத்த படிவம் திரும்பி வரவில்லை. அதற்கும் நான் காத்திருக்கவில்லை. லேசான பதட்டம், ஏடிஎச்டிக்கான அறிகுறிகள் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாலு வருடம் கழித்து அதே அம்மா வந்தார். என் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். இந்த நாலு வருடமும் பள்ளியில் அதைத்தான் காட்டியிருக்கிறார்கள்: "ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே, அப்போ சோம்பல்தான்." பதின்மூன்று வயதுப் பெண் என் முன்னால் உட்கார்ந்து, "நான் மக்கு, அவ்வளவுதான்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். இந்த முறை பையை நானே கேட்டு வாங்கினேன். பழைய நோட்டுகளையும் அந்த அம்மா தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். எந்த நோட்டை எடுத்தாலும் முதல் நாலு பக்கம் முத்து முத்தான கையெழுத்து. ஓரத்தில் தேதி, அடியில் சிவப்புக் கோடு. ஐந்தாம் பக்கத்திலிருந்து தேதி இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. அப்புறம் ஓரமெல்லாம் பூ. அப்புறம் வெள்ளைத் தாள். ஆறு பாடம், ஆறு நோட்டு, எல்லாவற்றிலும் இதே கதை. என் ஒரு மணி நேரக் கட்டை விளையாட்டைவிட அந்தப் பை நூறு மடங்கு பேசியது. முதல் முறையே அது என் காலடிக்கு மூன்றடி தள்ளித்தான் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? என் அறையை யோசித்துப் பாருங்கள். புது இடம். ஒரு குழந்தைக்கு ஒரு ஆள். சத்தம் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு மாறுகிறது, ஒவ்வொன்றுக்கும் "வெரி குட்" கிடைக்கிறது. ஏடிஎச்டி உள்ள குழந்தைக்கு இதைவிடத் தோதான ஒரு மணி நேரம் வேறெங்கும் வாய்க்காது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: புதிய சூழல், பிடித்தமான வேலை, உடனுக்குடன் பரிசு, அருகிலேயே ஒருவர் கண்காணிப்பது, மதிப்பீட்டு அறை போல ஒருவருக்கு ஒருவர் இருக்கும் நிலை, இவற்றிலெல்லாம் அறிகுறிகள் மங்கிப்போகலாம், தெரியாமலும் போகலாம். "டிவி முன்னால மூணு மணி நேரம் அசையாம உட்கார்றானே, அவனுக்கு எப்படிக் கவனக்குறைவு?" என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையை நிஜமாகவே பாதிக்க வேண்டும். இதில் எதை ஒரு மணி நேரத்தில் ஒரு அறைக்குள் பார்த்துவிட முடியும்? எதிர்ப்பக்கமும் உண்டு. என் மேசை மேல் ஏறிக் குதித்த பையனுக்கு ஏடிஎச்டிதான் என்று அதை மட்டும் வைத்து எழுதினாலும் தவறுதான். முந்தின இரவு தூங்காமல் வந்திருக்கலாம், பயந்துபோயிருக்கலாம்.

பெரியவர்களிடம் இதே தவறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. நாற்பத்தோரு வயதுக்காரர் ஒருவர் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கோப்பு, கோர்வையான பேச்சு. என்னோடு இருந்த பயிற்சியாளர் குறிப்பேட்டில் 'நேரம் தவறாமை' என்று எழுதியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். "இன்னைக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன். நாலு மணி சந்திப்புக்கு முழு நாள் லீவு போட்டிருக்கிறார். ஐந்து அலாரம். மறந்துவிடுமோ என்ற பயத்தில் காலையிலிருந்து வேறு எந்த வேலையையும் தொடவில்லை. இரண்டு மணிக்கே வந்து கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். நேரத்துக்கு வந்தாரா என்று பார்த்தால் போதாது. எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்க வேண்டும்.

நீங்கள் போகிற இடத்தில் பையைத் திறக்கச் சொல்லாவிட்டாலும் திறந்து காட்டுங்கள். நடப்பு நோட்டுகள் இரண்டு, பழைய ரேங்க் கார்டுகள், அவற்றில் டீச்சர் எழுதிய குறிப்புகள். முந்தின ஒரு வாரத்தில் நடந்ததை நாள்வாரியாக நாலு நாலு வரி எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. "ரொம்ப வாலு" என்பதில் எனக்கு ஒன்றும் கிடைக்காது. "செவ்வாய்க்கிழமை ஷூ போட இருபது நிமிடம், நடுவில் மூன்று முறை எழுந்து போனான்" என்பதில் நிறையக் கிடைக்கும்.

குழந்தைக்கு ஒத்திகை கொடுத்துக் கூட்டி வருவது

"அங்க போய் சமத்தா இருக்கணும்." வேண்டாம்.

படிவத்தைக் கூடிப் பேசி நிரப்புவது

ஏடிஎச்டி அறிகுறிகளைக் கேட்கும் வாண்டர்பில்ட் படிவத்தில் பெற்றோருக்கு 55 கேள்விகள், டீச்சருக்கு 43. காத்திருக்கும் இடத்தில் கணவனும் மனைவியும் ஒரே பேனாவை வைத்துக்கொண்டு 'அடிக்கடி'யா 'எப்போதாவது'தானா என்று பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் நடுவில் ஒரு டிக். தனித்தனியாக நிரப்புங்கள். இருவர் பதிலும் முட்டிக்கொண்டால் அதுவே எங்களுக்கு ஒரு தகவல்.

பள்ளிக்குத் தெரியக் கூடாது என்று டீச்சர் படிவத்தையும் தாங்களே நிரப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பயம் புரிகிறது. ஆனால் அதைச் செய்யாதீர்கள், அந்தப் பயத்தை எங்களிடம் சொல்லுங்கள். ட்யூஷன் டீச்சர், விளையாட்டு மாஸ்டர் என்று வேறு யாரையாவது கேட்க வழி இருக்கும்.

அப்புறம், மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு "அப்போ இருக்கு, இல்லையா?" என்று கேட்பது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நேர் பதில் வைத்திருக்கிறது: படிவ மதிப்பெண்ணையோ நேரில் கவனித்ததையோ மட்டும் வைத்து ஏடிஎச்டி என்று முடிவு செய்யக் கூடாது. என் பழைய ரிப்போர்ட்டுக்கும் சேர்த்தே எழுதினதுபோல இருக்கும் எனக்கு.

ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பது

ஏடிஎச்டி ஸ்கேனில் தெரியாது. ரத்தத்திலும் தெரியாது.

காது, கண், தூக்கத்தைத் தாண்டிப் போவது

காது சரியாகக் கேட்காத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாது. குறட்டை விட்டுத் தூங்குகிற குழந்தை, பகலில் துறுதுறுவென்று அலையும், எரிந்து விழும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிற குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். பெரியவர்களிடம் தைராய்டு, மனச்சோர்வு. இதையெல்லாம் விலக்கிப் பார்ப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான். "இதுக்கு எதுக்குக் காது டெஸ்ட்?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

பிறந்த மாதத்தைக் கேட்காமல் விடுவது

இது எங்கள் பக்கத் தவறு. வகுப்பிலேயே சின்னப் பிள்ளையை, பதினோரு மாதம் பெரிய பிள்ளையோடு ஒப்பிட்டால் அவன் துறுதுறுப்பாகத்தான் தெரிவான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் வெளியான ஆய்வில், டிசம்பரில் பிறந்த பையன்கள் ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாக ஏடிஎச்டி முத்திரை பெற்றிருந்தார்கள். பெண் குழந்தைகளில் அது 70 சதவீதம். அங்கே டிசம்பர் பிள்ளைதான் வகுப்பில் கடைக்குட்டி.

ஐக்யூ மார்க்கைக் கேடயமாகப் பிடிப்பது

புத்திசாலிக்கும் ஏடிஎச்டி வரும்.

மாத்திரை வேலை செய்தது, அப்போ இருக்கு

மாத்திரை போட்டதும் கவனம் கூடியது, அதனால் நோய் உறுதி என்ற கணக்கு செல்லாது. 1978-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராப்போபோர்ட் குழுவினர் எந்தப் பிரச்சினையும் இல்லாத சிறுவர்களுக்கு, ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அலைச்சல் குறைந்தது, கவனம் கூடியது.

"சின்ன வயசுல நல்லாத்தான் இருந்தேன்"

பெரியவர்கள் வழுக்கும் இடம் இது. ஆன்லைனில் ஆறு கேள்விக்கு டிக் அடித்துவிட்டு வருவார்கள். அது உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, பெரியவர்கள் தாங்களே நிரப்பும் ஏஎஸ்ஆர்எஸ் படிவத்தின் முதல் பகுதி. நல்ல சல்லடைதான், ஆனால் சல்லடை மட்டும்தான். பதினேழு வயது முதல், கவனக்குறைவு, துறுதுறுப்பு என்ற இரண்டு பிரிவுகளில் ஒன்றில் ஐந்து அறிகுறிகள் இருந்தால் போதும், குழந்தைகளுக்கு ஆறு வேண்டும். ஆனால் பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் சலுகை கிடையாது. அதனால் உங்கள் சிறுவயதைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

"நல்ல மார்க்தான் வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் நான் அங்கேயே நிற்பேன். யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்? பெரும்பாலும் ஒரு அம்மா இருந்திருப்பார். இரவெல்லாம் உட்கார்ந்து, பையை அடுக்கி, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பார். ஹாஸ்டலுக்குப் போன முதல் வருடம் எல்லாம் சரிந்திருக்கும். முடிந்தால் அம்மாவையோ அக்காவையோ அண்ணனையோ கூட்டி வாருங்கள், போனிலாவது பேச வையுங்கள். உங்கள் நினைவில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும்.

மகனுக்காக வந்த அப்பா, பாதிக் கேள்விகளுக்கு மேல் மெதுவாக எழுத ஆரம்பிப்பதும் உண்டு. மரபுவழி பங்கு மிக அதிகமுள்ள நிலை இது. "இது எனக்கும் பொருந்துதே" என்று அவர் நிமிர்ந்து பார்த்தால் நான் ஆச்சரியப்படுவதில்லை.

ஏற்கெனவே ஆட்டிசம் என்று சொல்லியாச்சே என்று நிறுத்திக்கொள்வது

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். 2013-க்கு முன்பு டிஎஸ்எம் அதை அனுமதிக்கவில்லை. பழைய ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவது

அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். எந்தெந்த இடத்துத் தகவலை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். வேறு எதெல்லாம் இருக்கலாம் என்று யோசித்தீர்கள், ஏன் அதை விலக்கினீர்கள் என்றும் கேளுங்கள். இதற்குக் கோபப்படுகிறவர் தன் வேலையை முழுதாகச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வரைவுக்கு வருகிறேன். 'எனவே'யைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மேடம், அவங்க அம்மா நோட்டு கொண்டுவரட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"இப்பவே போன் போடு" என்றேன்.