தானமாகக் கொடுக்கும் பூஜாடி: துண்டு ஒட்டிக் கடைவதில் நாம் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் தானமாகக் கொடுத்த பூஜாடி ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. சின்ன மரத்துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, மரத்தைச் சுழற்றும் லேத்தில் கடைந்து செய்யும் ஜாடி அது. ஐப்பசி மழையில், சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஒட்டிக் கடைந்தேன். ஒரு முதியோர் இல்லத்துக்கு நிதி திரட்ட நடந்த ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது. பங்குனி வெயில் ஏறியதும் அதை எடுத்தவர் போன் செய்தார். "தப்பா நெனைக்காதீங்க, அடியில தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுதுங்க" என்றார். தலைமுடி என்றது மரியாதைக்கு. போய்ப் பார்த்தேன், விரல் நகம் உள்ளே நுழைந்தது.

தவறு அடிப்பலகையில். மரம் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கே ஊதும், சுருங்கும். ரேகை ஓடும் நீளவாக்கில் அநேகமாக அசையாது. துண்டுகளை வட்டமாக ஒட்டிய வளையத்தில் ரேகை வளையத்தைச் சுற்றியே ஓடுவதால் அதன் விட்டம் பெரிதாக மாறாது. அடியில் நான் ஒட்டியதோ 15 செ.மீ. அகலத்தில் ஒரே தேக்குப் பலகை. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையில் அந்த அகலத்தில் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ குறையும். பலகை சுருங்கப் பார்க்கிறது, வளையம் விடமாட்டேன் என்கிறது, நடுவில் பிளக்கிறது. இப்போது அடியையும் வளையமாகவே ஒட்டி, நடு ஓட்டையை மட்டும் 5 செ.மீ. வட்டத்தால் அடைக்கிறேன். அகலமான அடிதான் வேண்டுமென்றால் நல்ல பிளைவுட்டை உள்ளே வைத்து விளிம்பை மறைத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடுத்தது ஈரம். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தைக் கழிக்கும்போது மலிவாகக் கிடைக்கும். கடைந்தால் ரேகை மீன்செதில் போல மின்னும், ஆசை யாரை விட்டது! ஆனால் மலை மேல் மூடுபனியில் கிடந்த பலகை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வெயிலுக்கு வந்தால், வந்த வாரமே அதை அறுக்கக் கூடாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் நிழலில் அடுக்கி வையுங்கள் என்பார்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். ஒரு துண்டை வாரா வாரம் எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். என்னிடம் உள்ள ஒரு துண்டில் 412, 396, 388, 385, 385 என்று இருக்கிறது. எடை இறங்குவது நின்ற பிறகுதான் ரம்பம்.

இனி கணக்கு. 12 துண்டு வளையம் என்றால் ஒவ்வொரு முனையிலும் 15 டிகிரி வெட்டு, மொத்தம் 24 வெட்டு. ஒரு வெட்டில் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் முழு வளையத்தில் 2.4 டிகிரி சேர்ந்துவிடும். 20 செ.மீ. வளையத்தில் அது 4 மி.மீ. இடைவெளி. அதைப் பார்த்ததும் பலரும் செய்வது இரண்டில் ஒன்று: ஹோஸ் கிளிப் (ரப்பர் குழாயை இறுக்கும் உலோகப் பட்டை) போட்டு இறுக்கி மூடுவது, இல்லையென்றால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பது. இறுக்கி மூடியது என்றைக்காவது திறக்கும். அடைத்தது பாலிஷ் போட்டதும் கறுப்புக் கோடாகச் சிரிக்கும்.

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. 12 துண்டையும் ஒரே மூச்சில் ஒட்டாமல் ஆறாறாக இரண்டு அரைவட்டம் ஒட்டுங்கள். இரண்டு அரைவட்டமும் சந்திக்கும் இடங்களில் மட்டும் பசை தடவாமல் ஒவ்வொரு தீக்குச்சியைச் செருகி, சைக்கிள் ட்யூபை வெட்டிய ரப்பரால் சுற்றிக் கட்டுங்கள். காய்ந்ததும் பிரித்து, கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் அரைவட்டத்தின் இரண்டு முனைகளையும் ஒன்றாக வைத்துத் தேய்த்தால் சேர்ந்த பிசகு மொத்தமும் அங்கேயே தேய்ந்து போகும். அப்புறம் இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிராகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் ஒட்டலாம்.

துண்டின் வெளிப்பக்க நீளத்திலும் ஒரு பொறி. 20 செ.மீ. ஜாடிக்குச் சுற்றளவை 12ஆல் வகுத்தால் 5.24 செ.மீ. வரும். அப்படி வெட்டினால் கடைந்த பிறகு 19.5க்கு மேல் தேறாது, ஏனென்றால் ஒட்டியது வட்டமல்ல, பன்னிரண்டு பட்டை. விட்டத்தை 0.268ஆல் பெருக்க வேண்டும்: 5.36 செ.மீ. லேத்தில் சீராக்கும்போது கொஞ்சம் போகும், அதற்கும் சேர்த்து 5.5 வைத்துக்கொள்ளுங்கள்.

பசை விஷயத்தில் சாதாரண பெவிக்கால் போதும், பொறுமைதான் போதாது. துண்டின் வெட்டுமுகம் (ரேகை முடியும் முனை) பசையை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் மெல்லிய பூச்சு, சில நிமிடம் கழித்து இன்னொன்று. முனையோடு முனை ஒட்டும் அந்த இணைப்பு இயல்பிலேயே பலவீனமானது. ஜாடியைத் தாங்குவது ஒரு வளையத்தின் மேல் அடுத்த வளையம் உட்காருவதுதான். கொத்தனார் செங்கல் அடுக்குவது போல, கீழ் இணைப்புக்கு மேல் துண்டின் நடுப்பகுதி வர வேண்டும். இணைப்புக்கு மேல் இணைப்பு வைத்தால் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாகப் பிளக்க வழி செய்து கொடுத்தாயிற்று.

ஒட்டியதும் உப்புத்தாளோடு உட்காராதீர்கள். பசையின் தண்ணீரால் இணைப்பு ஓரம் ஊதியிருக்கும். அப்போது வழவழப்பாகத் தேய்த்தால், காய்ந்த பிறகு அந்த இடம் பள்ளமாக இறங்கும். ஒரு நாளாவது விடுங்கள், இரண்டென்றால் நல்லது. லேத்தில் ஏற்றியதும் வேகம் குறைவாக, முகக் கவசம் போட்டு, சுழலும் வளையத்துக்கு நேரே நிற்காமல். ஒட்டிய வளையம் தெறித்தால் பன்னிரண்டு துண்டாகத்தான் தெறிக்கும்.

கொடுப்பதற்கென்று செய்யும்போது இன்னும் இரண்டு கவனம். ஜாடியின் நடுவே வெள்ளையாக ஒரு வளையம் ஓட மாமரம் அழகு, சேலத்தில் பஞ்சமும் இல்லை. ஆனால் சீக்கிரம் உளுத்துவிடும். மருந்து போடாத மரத்தைப் போட்டால், கொஞ்ச நாளில் வாங்கியவர் வீட்டு அலமாரியில் ஜாடியைச் சுற்றி மாவு கொட்டிக் கிடக்கும்.

இன்னொன்று தண்ணீர். "உலர்ந்த பூவுக்கு மட்டும்" என்று சீட்டு எழுதிக் கழுத்தில் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வீட்டில் சீட்டு அப்படியே தொங்க, உள்ளே அரை ஜாடித் தண்ணீரில் சம்பங்கி நின்றது. பூஜாடி என்று கொடுத்தால் பூ வைக்கத்தானே செய்வார்கள்? அதனால் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் 25 மி.மீ. சோதனைக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். கழுத்தின் துளையை 26இல் நிறுத்தினால் குழாயின் விளிம்பு மேலே தங்கி நிற்கிறது, தண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது.