மாணவர் இதழ், வளாக வானொலி, ஆண்டு மலர்: புதிதாகப் பொறுப்பேற்கும் பேராசிரியருக்கான செய்முறை விளக்கம்

கல்வியாண்டின் தொடக்கத்தில் துறைக்கு ஒரு சுற்றறிக்கை வரும். மாணவர் இதழ், வளாக வானொலி, ஆண்டு மலர் ஆகிய மூன்றையும் கவனிக்கும் பொறுப்புப் பேராசிரியர் என்று உங்கள் பெயர் அதில் இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாது. முதன்முதலில் இந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, மாணவர்கள் எழுதிய அனைத்தையும் நானே திருத்தி, நானே தலைப்பு வைத்து, மெய்ப்பும் பார்த்து, பிழையே இல்லாத இதழைக் கொண்டுவந்தேன். அடுத்த ஆண்டு இரண்டு மாதம் நான் விடுப்பில் இருந்தபோது இதழ் நின்றுபோனது. மாணவர் இதழ் என்ற பெயரில் என்னுடைய இதழைத்தான் நடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. கீழே தரும் முறை அந்த அனுபவத்துக்குப் பிறகு உருவானது. தமிழ்நாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் அல்லது தன்னாட்சிக் கல்லூரியின் சூழலை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: எதை யார் முடிவு செய்வது என்பதை எழுத்தில் வையுங்கள்

முதல் இதழைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு பக்க அளவில் விதிமுறை எழுதி, பதிவாளரிடமோ முதல்வரிடமோ ஒப்புதல் பெற்றுவிடுங்கள். எதை வெளியிடுவது, எப்படி எழுதுவது என்பதை மாணவர்களின் ஆசிரியர் குழு முடிவு செய்யும். பொறுப்புப் பேராசிரியர் படிப்பார், ஆலோசனை சொல்வார், சட்டச் சிக்கல் தென்பட்டால் எழுத்து வடிவில் எச்சரிப்பார். அந்த எச்சரிக்கையைக் குழு ஏற்கவில்லையென்றால், பேராசிரியர் இருவர், மாணவர் இருவர், அனுபவமுள்ள வெளிப் பத்திரிகையாளர் ஒருவர் சேர்ந்த ஐவர் குழு ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லும். இவ்வளவு போதும்.

வாய்மொழியாகப் பேசிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்வேன். 1994இல் அங்கு மாணவர்கள் தயாரித்த ஆண்டு மலர் அச்சகத்திலிருந்து வந்து இறங்கியது. அட்டை பல்கலைக்கழகத்தின் நிறத்தில் இல்லாமல் ஊதா நிறத்தில் இருந்தது, படங்கள் பலவற்றுக்கு விளக்க வரி இல்லை, நாட்டு நடப்புகளின் படங்களும் இருந்தன என்ற காரணங்களைச் சொல்லி, நிர்வாகம் சுமார் 2,000 பிரதிகளையும் பூட்டி வைத்தது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தொடக்கத்தில் தீர்ப்பு நிர்வாகத்துக்குச் சாதகமாக இருந்தாலும், 2001இல் ஆறாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, மலரை முடக்கியது மாணவர்களின் கருத்துரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. மலரின் உள்ளடக்கத்தை மாணவர்களே முடிவு செய்வார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகம் தானே முன்பு எழுதி வைத்திருந்த கொள்கை, அந்தத் தீர்ப்புக்கு ஒரு முக்கியமான அடிப்படையாக அமைந்தது. ஒரு பக்கத் தாளுக்கு இருக்கும் மதிப்பு இதுதான்.

நம் நாட்டில் அரசமைப்பின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. ஆனால் இதழின் வெளியீட்டாளராகப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே இருப்பதால், வழக்கு வந்தால் அதுவும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே முற்றிலும் ஒதுங்கி நிற்கும் பொறுப்புப் பேராசிரியர் இங்கே இருக்க முடியாது. அதற்காகச் சட்டத்தைக் காரணம் காட்டிச் சுவையையும் கருத்தையும் திருத்த ஆரம்பித்தால், நான் செய்த பிழையையே நீங்களும் செய்வீர்கள். இரண்டையும் பிரித்து வைப்பதற்காகத்தான் விதிமுறை.

படி 2: அடுத்த குழுவை ஜனவரியிலேயே தேர்ந்தெடுங்கள்

ஏப்ரலில் இறுதியாண்டு மாணவர்கள் போய்விடுவார்கள். ஜூனில் புதிய குழு வெறுங்கையோடு தொடங்கினால் முதல் பருவம் முழுவதும் பழகுவதிலேயே கழியும். ஜனவரியில் தேர்ந்தெடுத்துவிட்டால், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்து வேலை செய்யலாம்.

தேர்வுக்கு மூன்று சிறு வேலைகள் கொடுங்கள். நீங்கள் தரும் குறிப்புகளை வைத்து 200 சொற்களில் ஒரு செய்தி, பிழைகள் மலிந்த ஒரு பக்கத்தின் மெய்ப்புத் திருத்தம், ஒரு நிமிடக் குரல் பதிவு. பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றவரே வானொலிக்குப் பொருத்தமானவர் என்று நினைக்க வேண்டாம், ஏனென்றால் மேடையில் கூட்டத்தை நோக்கி எழும் குரல் ஒருவரின் காதருகே கேட்கும்போது உறுத்தும். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், பேருந்தில் வந்துபோகிறவர்கள், அறிவியல் துறையினர் என எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்த் துறையும் ஊடகத் துறையும் மட்டும் நிறைந்த குழுவுக்கு வளாகத்தில் பாதி நடப்பு தெரியாது.

படி 3: இதழைச் சிறிதாகத் தொடங்குங்கள்

ஏ3 தாளை மடித்தால் கிடைக்கும் நான்கு பக்கம், மாதம் ஒருமுறை. முதல் ஆண்டுக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பொதுச் செய்திகளையோ அவற்றைப் பற்றிய கருத்துகளையோ தாங்கிக் குறிப்பிட்ட கால இடைவெளியில் வரும் அச்சு இதழ்களுக்கு, 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். உங்கள் இதழ் அந்த வரையறைக்குள் வருகிறதா என்பதைப் பல்கலைக்கழகத்தின் சட்ட அலுவலரிடம் முதல் இதழுக்கு முன்பே எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும் என்று குழுவுக்குப் பழக்குங்கள்: இதை யார் சொன்னார், அதற்கு ஆவணமோ நேரில் கண்ட சாட்சியோ உண்டா, குறை சொல்லப்பட்டவரின் பதில் என்ன. நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில், விடுதிக் குடிநீர்த் தொட்டியைப் பல மாதமாகக் கழுவவில்லை என்று மாணவர்கள் எழுதினார்கள். செய்தி உண்மைதான். ஆனால் இதழ் அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் தொட்டி கழுவப்பட்டிருந்தது. விடுதிக் காப்பாளரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். நியாயமான ஒரு புகார் அந்த ஒரு குறையால் வலுவிழந்துபோனது. இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான்.

மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரையைப் படிக்கும்போது உங்கள் பேனா வாக்கியத்தை மாற்றக் கூடாது. ஓரத்தில் கேள்வி மட்டும் எழுத வேண்டும். ‘விடுதி உணவு மிக மோசமாக இருப்பதாக மாணவர்கள் கருதுகின்றனர்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தால், அதை நீங்கள் அழகாக மாற்றி எழுதுவது எளிது. மாறாக, ‘எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? எந்த நாள்? எந்த வேளை? என்ன பரிமாறினார்கள்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். அவர் மறுபடியும் விடுதிக்குப் போவார். திரும்பி வரும்போது கொண்டுவரும் பத்தி உங்களால் எழுதியிருக்க முடியாத ஒன்றாக இருக்கும்.

சட்டம் பற்றி நீங்கள் கட்டாயம் பேச வேண்டிய இடங்கள் சில உண்டு. அவதூறு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் குற்றமாக வருகிறது. ஒரு செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் அங்கே போதாது, அதை வெளியிடுவது பொது நன்மைக்கானதாகவும் இருக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தொடர்பான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் ஆகியோரின் பெயரையும் விசாரணையின் விவரங்களையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. பெயரை மறைத்துவிட்டு ‘இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி’ என்று எழுதினாலும் வளாகத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும் என்பதைக் குழுவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். முதலாண்டு மாணவர்களில் சட்டப்படி இன்னும் சிறாரான 17 வயதினரும் உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

படி 4: வானொலியில் உரிமத்தின் விதியே முதல் பாடம்

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சிறு வானொலி, நடத்த மத்திய அரசு வழி திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே. இந்த வரலாற்றைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது என் வழக்கம், ஏனென்றால் அந்த அறையில் மைக்கின் முன் உட்காருவது எவ்வளவு அண்மையில் கிடைத்த உரிமை என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

உரிமத்துடன் வரும் நிபந்தனைகளை அச்சிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள். அலைபரப்பின் வீச்சுத்திறன் பொதுவாக 100 வாட் என்ற வரம்புக்குள் இருக்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது சுற்றுவட்டார மக்களின் பங்கேற்புடன் உள்ளூரிலேயே உருவாக வேண்டும். ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றித் தரலாம். தேர்வு அறிவிப்பு, வானிலை, மின்தடை, உடல்நல எச்சரிக்கை போன்றவற்றை நீங்களே சொல்லலாம். இதழில் நான்கு பத்தி எழுத முடிகிற செய்தியை வானொலியில் ஒரு வரி சொல்ல முடியாது என்ற இந்த வேறுபாடு புதிய மாணவர்களைத் திணறவைக்கும். இந்தத் தடை தேவையற்றது என்பது என் கருத்து. ஆனாலும் உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பதால், வானொலி நிகழ்ச்சியை முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பது பொறுப்புப் பேராசிரியரின் கடமை. முதல் படியில் எழுதும் விதிமுறையில் இந்த விதிவிலக்கைச் சேர்த்துவிடுங்கள்.

உரிமம் இல்லாத வளாகங்கள் என்ன செய்வது? எவ்வளவு சிறிய எஃப்.எம். அலைபரப்பியையும் உரிமம் பெறாமல் இயக்கக் கூடாது. உணவுக் கூடத்தின் ஒலிபெருக்கி வழியாகவோ, இணையத்தில் ஒலித் தொகுப்பாகவோ தொடங்குங்கள். பழக அது போதும்.

பதிவு செய்யும்போது வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் வைத்தால் ‘ப’, ‘ம்ப’ போன்ற ஒலிகளின்போது காற்று அடிக்காது. எதிரொலி கேட்டால் கனமான போர்வைகளைச் சுவரில் தொங்கவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் தொகுப்பு வேலைக்குப் போதுமானது. வாட்ஸ்அப்பில் ஒலிச் செய்தியாக அனுப்பிய குரல் சுருங்கித் தரம் குறைந்திருக்கும் என்பதால், பேட்டியின் மூலக் கோப்பையே வாங்கச் சொல்லுங்கள்.

திரைப்பாடலை ஒலிபரப்ப, பாடல் வரிக்கும் இசைக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை என இரண்டையும் பெற வேண்டும். அந்தச் செலவு இயலாதபோது, பக்கத்துக் கிராமத்துக்கு மாணவர்களை அனுப்பித் தாலாட்டும் நடவுப் பாட்டும் பதிவு செய்து வரச் சொல்லுங்கள். பாடியவரின் பெயரைச் சொல்லி, அவருடைய சம்மதத்தையும் அதே பதிவின் தொடக்கத்தில் குரலாகவே வாங்கிக்கொள்ளட்டும். உள்ளூர் நிகழ்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் நிறைவேறுகிறது.

படி 5: ஆண்டு மலருக்கு ஆகஸ்டில் விதை போடுங்கள்

பிப்ரவரியில் தொடங்கும் மலர் பட்டமளிப்பு முடிந்த பிறகுதான் வரும். வகுப்புப் படங்களைச் செப்டம்பருக்குள் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை வரும், இறுதியாண்டு மாணவர்கள் திட்டப்பணிக்காக வெளியூர் செல்வார்கள். படம் எடுத்த அன்றே, இடமிருந்து வலமாக அமர்ந்திருப்பவர்களின் பெயரை அவரவர் கையால் எழுதி வாங்குங்கள். மலரில் ஒருவர் முதலில் தேடுவது தன் முகத்தையும் தன் பெயரையும்தான். அங்கே பிழை நேர்ந்தால் அது அவரிடம் ஆயுள் முழுக்க இருக்கும்.

படத்தை எடுத்த மாணவரே அதன் முதல் உரிமையாளர் என்பதால், அவரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பக்கங்களின் எண்ணிக்கையை எட்டின் அல்லது பதினாறின் மடங்காகத் திட்டமிட்டால் அச்சகத்தில் தாள் வீணாகாது. படங்கள், அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் இருக்கட்டும்.

தமிழ் மலருக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. மாணவர்கள் ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்து அனுப்புவார்கள். சில அச்சகங்கள் அதைப் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றிப் பக்கம் அமைக்கும். அப்போது கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் சிதறும். தட்டச்சில் பார்த்த மெய்ப்பு சரியாக இருந்தது என்று நம்பி இருந்துவிடாமல், பக்கம் அமைத்த பின் ஒருமுறை முழுமையாக, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்கும் முறையில் மெய்ப்புப் பாருங்கள்.

படி 6: பணம்

தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மாணவப் பொருளாளர் ஒருவர். அச்சகங்கள் மூன்றிடமிருந்து விலைப்புள்ளி பெறுங்கள். சமுதாய வானொலியில் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் செய்ய 2024இல் திருத்தப்பட்ட விதிகள் இடம் தருகின்றன. விளம்பரம் தந்த கடைக்காரரைப் பற்றிய செய்தியை, விளம்பரம் வாங்கி வந்த மாணவர் எழுதக் கூடாது.

படி 7: வெளிவந்த பிறகே உங்கள் சிவப்புப் பேனாவை எடுங்கள்

இதழ் வெளிவந்த மறுநாள் குழுவுடன் அமர்ந்து, அச்சான பிரதியில் ஒவ்வொரு பக்கமாகக் குறியிட்டுப் பேசுங்கள். முதலில் அவர்களையே பேசவிடுங்கள். நீங்கள் குறித்து வைத்த பிழைகளில் பெரும்பாலானவற்றை அவர்களே சொல்லிவிடுவார்கள். தவறான தகவல் வந்திருந்தால் அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில் ஒரே நிலையான இடத்தில் திருத்தம் போட வேண்டும். துறைத் தலைவரோ காப்பாளரோ கோபத்துடன் உங்கள் அறைக்கு வந்தால், மாணவரை அங்கே அழைத்து நிறுத்த வேண்டாம். புகாரை எழுதித் தரும்படி கேளுங்கள், அதைக் குழுவிடம் கொடுங்கள், குழுவின் பதிலையும் எழுத்திலேயே வாங்கி அவருக்கு அனுப்புங்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் பழைய குழுவும் புதிய குழுவும் ஒரே மேசையில் அமரட்டும். மின்னஞ்சல், இணையப் பக்கம், கணினி ஆகியவற்றின் கடவுச்சொற்கள், ஒலிபரப்புப் பதிவேடு, மூன்று மாத நிகழ்ச்சிகள் அடங்கிய வன்தட்டு, படங்களின் அனுமதிக் கடிதங்கள், கணக்குப் புத்தகம், ஒலிப்பதிவுக் கூடத்தின் சாவி என ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, கொடுத்தவரும் பெற்றவரும் கையெழுத்திட வேண்டும். பட்டியலின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். சாவி மாணவர்களிடம் இருக்கட்டும்.