அன்லாக் போனோடு வெளிநாடு போகிறீர்களா? கிளம்பும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

சுற்றுலாக் குழுக்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது என் வேலை. குழு கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்த்துவிடுவேன். "அன்லாக் போன்தான் தம்பி, எந்த நாட்டு சிம்மும் போடலாம்" என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். போடலாம். ஆனால் போட்ட சிம் ஓடுமா என்பதை வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு தேடிப் பார்க்க நெட் இருக்காது, வங்கி ஓடிபி வராது, உதவி மையத்துக்குப் போன் போடவும் வழியிருக்காது.

முதலில், போன் உண்மையிலேயே அன்லாக்தானா, அதாவது ஒரே கம்பெனி சிம்மோடு பூட்டப்படாததுதானா? ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் சரி. ஆண்ட்ராய்டில் இதற்கென்று எல்லாப் போனுக்கும் பொதுவான இடம் கிடையாது. வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போட்டுப் பேசிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. தவணையில் வாங்கிய போன் என்றால் கட்டாயம் செய்து பாருங்கள்.

அடுத்து *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண், திரையில் வரும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் கேட்கும் முதல் எண் அதுதான். அதே திரையில் இஐடி என்று 32 இலக்க எண்ணும் வந்தால் உங்கள் போனில் இ-சிம் வசதி, அதாவது அட்டை செருகாமல் நெட் வழியாகவே ஏற்றிக்கொள்ளும் சிம் வசதி, இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் மாடலிலிருந்து சிம் செருகும் இடமே கிடையாது. உறவினர் அங்கிருந்து வாங்கி அனுப்பிய போன் என்றால், போகிற நாட்டில் விற்கும் பிளாஸ்டிக் சிம் அதற்கு உதவாது.

பிறகு அலைவரிசை. ஒவ்வொரு நாட்டு நெட்வொர்க்கும் தனக்கென்று சில 4ஜி பேண்டுகளை, அதாவது எண் கொடுத்துப் பிரித்த அலைவரிசைகளை, வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 3, 7, 20 முக்கியம். அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71. ஜப்பானில் 1, 18, 19. உங்கள் போன் மாடல் எண்ணைத் தேடினால் அதில் உள்ள பேண்டுகளின் பட்டியல் கிடைக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். 20, 71 போன்றவை தாழ்ந்த அலைவரிசைகள். வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டி வரும். அவை இல்லாத போன் நகரத்தில் நன்றாக ஓடிவிட்டு, மலைப்பக்கம் போனதும் சிக்னல் இல்லாமல் நிற்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி. அமெரிக்காவின் பெரிய நெட்வொர்க்குகள் 2022-லேயே 3ஜியை நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரோடு முடிந்தது. அங்கெல்லாம் வோல்ட்இ ஒத்துப்போகாத போனில் நெட் ஓடும், பேச முடியாது. ஆஸ்திரேலியாவில் இன்னும் கண்டிப்பு: அவசர எண்ணான 000-ஐ 4ஜியில் அழைக்க முடியாத போனை உள்ளூர் நெட்வொர்க் ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது விதி. வாங்கப்போகும் சிம் கம்பெனியின் தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் வசதி இருந்தால் தவற விடாதீர்கள்.

சில நாடுகள் போனையே பதிவு செய்யச் சொல்லும். துருக்கியில் உள்ளூர் சிம் போட்ட வெளிநாட்டுப் போன் 120 நாள் ஓடும். அதன் பிறகும் வேண்டுமென்றால் வரி கட்டிப் பதிய வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அந்த அவகாசம் தாராளம். மகனோடு ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சரி, எந்த சிம் வாங்குவது? குறுகிய பயணத்துக்கு நான் இ-சிம்மைத்தான் சொல்வேன், அதையும் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஏற்றச் சொல்வேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. துருக்கியில் 2025 ஜூலையில் வெளிநாட்டு இ-சிம் விற்கும் தளங்கள் பலவற்றைத் தடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே ஏற்றி வந்தவர்களுக்குத்தான் அப்போது கவலையில்லை. இ-சிம்மை ஏற்ற அனுப்பும் க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். ஏற்றிய இ-சிம்மை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். ஏற்றியதுமே நாள் கணக்கு ஓடத் தொடங்குமா, அங்கே டவரைப் பிடித்த பிறகா என்பதையும் வாங்கும்போதே படித்துவிடுங்கள். சீனா போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது. வெளிநாட்டு சிம்மோ பயண இ-சிம்மோ ரோமிங்கில் ஓடும்போது பெரும்பாலும் திறக்கும்.

நீண்ட நாள் தங்குகிறவர்கள் உள்ளூர் சிம் வாங்குவதே மேல். பாஸ்போர்ட் கேட்பார்கள். போனைத் தமிழில் வைத்திருப்பவர்கள் கவுண்டருக்குப் போகும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கிருக்கும் பையன் மெனு தெரியாமல் திணறுவான். சிம் பதிந்து வந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். போனை அணைத்துப் போட்டால் கேட்கும் 'பின்' (PIN) எண் அதில்தான் இருக்கும். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டைத் திறக்கும் பியூகே எண் கேட்கும், அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும். கழற்றிய சொந்த சிம்மையும் அந்த அட்டையிலேயே டேப் போட்டு ஒட்டி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள்.

இரண்டு சிம் ஓடும் போன் என்றால் சொந்த சிம்மைக் கழற்றவே கூடாது. ஓடிபி வருவது அதில்தான். கிளம்பும் முன் அதில் சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள், பயணம் முடியும்வரை செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்காத அழைப்பில் பேசுவதைப் பதிந்து வைக்கும் வாய்ஸ்மெயில் இருந்தால் ##002# அழுத்தி அழைப்புத் திருப்பலை ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் எடுக்காத அழைப்புக்கும் சர்வதேசக் கட்டணம் விழ அது ஒரு வழி. அப்புறம் இரண்டு சிம்முக்கும் 'வீடு', 'பயணம்' என்று பெயர் வையுங்கள். மொபைல் டேட்டாவுக்குப் 'பயணம்' சிம்மைத் தேர்ந்தெடுங்கள். 'வீடு' சிம்மில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். பயண இ-சிம்மில் மட்டும் ரோமிங்கைப் போட்டே வையுங்கள், ஏனென்றால் பெரும்பாலான பயண இ-சிம்கள் இன்னொரு நாட்டு நெட்வொர்க்கைச் சேர்ந்தவை, ரோமிங்கில்தான் ஓடும். இதுதான் எல்லோரையும் குழப்புகிற இடம். ஐபோனில் டேட்டா தானாக சிம் மாறிக்கொள்ள விடும் ஒரு பொத்தானும் உண்டு, அதையும் அணையுங்கள்.

ஜப்பானில் ஒருமுறை விமான நிலையத்தில் இறங்கியதும், குழுவில் வந்த ஓர் அம்மா போனை என் முகத்துக்கு நேரே காட்டினார். "கோடெல்லாம் முழுசா இருக்கு தம்பி, போட்டோ மட்டும் போக மாட்டேங்குது." சிக்னல் முழுக்க இருந்து நெட் மட்டும் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஏபிஎன், அதாவது சிம்மை அந்தக் கம்பெனியின் நெட்டோடு இணைக்கும் அமைப்பு. ஜப்பானில் விற்கும் டேட்டா சிம் பலவற்றுக்கு அதைக் கையால் போட வேண்டும். ஆண்ட்ராய்டில் என்றால் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க், அதில் அக்சஸ் பாயிண்ட் நேம்ஸ், அதில் கூட்டல் குறி. சிம் அட்டையின் பின்புறம் இருந்த பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் பொடி எழுத்தில் ஒவ்வொன்றாக அவர் வாசிக்க, நான் அடித்தேன். சேமித்து, அந்தப் புது ஏபிஎன்னைத் தேர்ந்தெடுத்து, விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்ததும் மகளுக்கு அனுப்பிய படங்கள் வரிசையாகப் போயின. சேமித்துவிட்டுத் தேர்ந்தெடுக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம், கவனம்.

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் 'எண்ணை மாற்றவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து ஓடும். தொடர்பு எண்களை எல்லாம் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துச் சேமித்து வையுங்கள், எந்த நாட்டிலிருந்தும் அப்படியே போகும்.

எல்லை தாண்டும்போது கவனம். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம் மற்ற நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி ஓடும். சுவிட்சர்லாந்து அதில் சேராது. ரயில் பாசல் பக்கம் போகும்போதே போன் சுவிஸ் டவரைப் பிடித்துவிடும், எனவே உங்கள் திட்டத்தில் அந்நாடு இல்லையென்றால் ரோமிங்கை முன்பே அணையுங்கள். கப்பல் பயணத்தில் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் விமானப் பயன்முறைதான். கப்பலுக்குள் இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்தால் பில் எகிறிவிடும்.

திரும்பி வந்ததும் டேட்டாவை 'வீடு' சிம்முக்கு மாற்றுங்கள். ஐபோனில் ஏபிஎன்னுக்காக புரொஃபைல் (அமைப்புகள் அடங்கிய கோப்பு) ஏதாவது ஏற்றியிருந்தால் அதை நீக்குங்கள். அது இருக்கும்வரை சொந்த சிம்மிலும் நெட் வராமல் போகலாம்.