பழனி பாதயாத்திரைக்கு முன் ஒரு நாள்: சேலத்திலிருந்து காளிப்பட்டிக்கு நடப்பது எப்படி?

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க வேண்டும் என்று முதல்முறை ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு நாள் காளிப்பட்டிக்கு நடந்து பாருங்கள். பழனிக்குப் பல நாள் நடை. கால் தாங்குமா என்பதைக் குழுவோடு கிளம்பிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. காளிப்பட்டி கந்தசாமி கோயில் சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கோயிலே பாதயாத்திரையில் பிறந்ததுதான். வருடா வருடம் பழனிக்கு நடந்துபோன பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து, இங்கேயே கோயில் கட்டச் சொன்னதாகத் தல வரலாறு சொல்வார்கள்.

1. இரண்டு வாரம் முன்பே கால்களைப் பழக்குங்கள்

தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். யாத்திரைக்கு எந்தச் செருப்போ ஷூவோ போடப் போகிறீர்களோ, அதிலேயே நடங்கள். புதுச் செருப்போடு கிளம்பவே வேண்டாம். வெறுங்காலோடு நடப்பது வேண்டுதல் என்றால், தார் ரோட்டில் தினமும் கொஞ்ச தூரம் நடந்து பாதத்தை உரமாக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. காலில் பட்ட காயம் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். முருகன் யாரிடமும் அதைக் கேட்கவில்லை.

2. பையில் அளவோடு வையுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு, மாற்றுக் காலுறை, தேங்காய் எண்ணெய், பிளாஸ்டர், டார்ச். பையின் பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

3. காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள்

தை மாதப் பனியில் நடை சுலபமாக ஓடும். கொண்டலாம்பட்டி தாண்டி அரியானூர் வரை பெரிய ரோடு. லாரிகள் பறக்கும். வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். இருட்டில் இது கட்டாயம். பேச்சு, செல்போன் எல்லாம் விடிந்த பிறகு.

விடியும்போது வலப்பக்கம் கஞ்சமலை தெரியும். அரியானூரில் பிரிந்து ஆட்டையாம்பட்டிப் பக்கம் திரும்பினால் காட்சியே மாறிவிடும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வயல்கள், டிராக்டரில் கிழங்கு மூட்டை, எங்கிருந்தோ வரும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் புளித்த வாடை, வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம். நடப்பவர்களைப் பார்த்தால் ‘சாமி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க’ என்று கூப்பிடுவார்கள். நின்று வாங்கிக் குடியுங்கள். அதை மறுத்துவிட்டு நடப்பது நல்ல யாத்திரை இல்லை.

4. மணிக்கு ஒருமுறை செருப்பைக் கழற்றுங்கள்

என்னைக் கேட்டால் யாத்திரையில் முக்கியமான வேலை இதுதான். கிளம்பும் முன்பே விரல் இடுக்கிலும் குதிகாலிலும் எண்ணெய் தடவுங்கள். மணிக்கு நான்கு கிலோமீட்டர் போதும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, விரலால் பாதத்தைத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாக, சுருக்கென்று எரிந்தால் அங்கேதான் கொப்புளம் வரப்போகிறது. ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று நடக்காமல் உடனே பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஈரக் காலுறையை மாற்றிவிடுங்கள். கொப்புளம் வந்தேவிட்டால் உடைக்காதீர்கள், மேல் தோல்தான் அதற்கு மருந்து. தானாக உடைந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்துக் கட்டுப்போடுங்கள்.

5. பத்து மணிக்கு மேல் வேகத்தைக் குறையுங்கள்

தார் சுட ஆரம்பிக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் சோர்வு வரும், உப்புப் போட்ட மோர் நல்லது. ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு வாங்கிக் கடித்துக்கொண்டே நடக்கலாம். அன்னதானம் கிடைத்தால் அரை வயிறு போதும். தலை சுற்றினால் நிழலில் படுங்கள், கூட வருபவரிடம் சொல்லுங்கள். அன்று பஸ்ஸில் ஏறுவது தெய்வக்குற்றம் இல்லை.

6. கோயிலில்

கால் கழுவி, முதலில் தரிசனம். அப்புறம் சுவரோரம் படுத்துக் கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்து கால் மணி நேரம் இருங்கள், வீக்கம் வடியும். திரும்புவதற்குப் பஸ் போதும்.

மறுநாள் காலையில் இன்னொரு ஐந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பழனி நடையில் இரண்டாம் நாள்தான் கடினம். முழங்காலில் குத்தல் இல்லாமல் நடக்க முடிந்தால் குழுவில் பெயர் கொடுங்கள். முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பழகிவிட்டு மறுபடி காளிப்பட்டிக்கு நடங்கள்.