ட்ரில்லிங் மெஷின் இரவல் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க

சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் டூல்ஸ் கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா ஆறு மாசம் கழிச்சு யார்கிட்ட இருக்குன்னே மறந்துடும், திருப்பிக் கேக்கவும் கூச்சமா இருக்கும். நான் இப்போ என்ன பண்றேன்னா வாங்குறவங்க கையில டூலோட ஒரு போட்டோ எடுத்து அவங்களுக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன், "ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு, அதுக்குள்ள வேணும்"னு ஒரு வரியும் சேர்த்து. தேதி தானா பதிவாயிடும், சண்டையும் வராது.

அடுத்தது பிட், அதாவது மெஷின் முனையில மாட்டி ஓட்டை போடுற கம்பி. மெஷின் குடுங்க, நல்ல பிட் செட்டை குடுக்காதீங்க. மரத்துக்கான பிட்டை கான்கிரீட் சுவத்துல போட்டு ஓட்டுனா கொஞ்ச நேரத்துல முனை மழுங்கிடும், அப்புறம் அது மரத்துலயும் இறங்காது, அதனால எதுல ஓட்டை போடப் போறீங்கன்னு கேட்டு அதுக்கு ஏத்த ஒரு பிட் மட்டும் குடுத்தா போதும். சக் சாவிய (பிட்டை இறுக்கி கழட்டுற சாவி) மெஷின் வயர்லயே கட்டி விட்டுடுங்க, முதல்ல காணாம போறது அதான்.

உளி மட்டும் நான் யாருக்கும் தர்றதில்ல, ஸ்க்ரூடிரைவரா யூஸ் பண்ணி முனைய உடைச்சுடுவாங்க (அனுபவம்!).

ஆங்கிள் கிரைண்டர் (டிஸ்க் மாட்டி இரும்பு, டைல்ஸ் வெட்டுற மெஷின்) கேட்டா மெஷினோட நானும் போயிடுவேன். டிஸ்க்கை மறைக்கிற பாதுகாப்பு கவரை கழட்டிட்டு பெரிய டிஸ்க் மாட்டுற ஆளுங்க இருக்காங்க, டிஸ்க்குல போட்டிருக்கிற ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு) மெஷினோட ஆர்பிஎம்ம விட கம்மியா இருந்தா சுத்தும்போதே வெடிக்கலாம். கண்ணுக்குப் போடுற பாதுகாப்பு கண்ணாடியும் சேர்த்தே குடுங்க.